சரகர் தடுத்தார், மிக்ஸி கெடுத்தது

சைத்ரரதம் என்ற வனத்தில் ரிஷிகள் கூடினார்கள். பஞ்சமோ போரோ காரணமில்லை. உலகத்தில் சுவைகள் மொத்தம் எத்தனை என்று தீர்மானிக்க வேண்டியிருந்தது. சரக சம்ஹிதையில் சூத்திரஸ்தானத்தின் 26-ஆம் அத்தியாயம் இந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. பத்ரகாப்யர் முதலில் எழுந்து ஒன்று என்றார். ஷாகுந்தேயர் இரண்டு என்றார். மௌத்கல்யர் மூன்று, கௌசிகர் நான்கு, பரத்வாஜர் ஐந்து, ராஜரிஷி வார்யோவிதர் ஆறு, விதேகத்து நிமி ஏழு, படிசர் எட்டு. ஏலம் இப்படிச் சூடுபிடித்திருந்த நேரத்தில் பாஹ்லீக நாட்டு வைத்தியர் காங்காயனர் எழுந்து, எண்ணவே முடியாது என்று சொல்லி எல்லார் வாயையும் அடைத்தார். கடைசியில் குரு ஆத்ரேயர் தீர்ப்புச் சொன்னார்: ஆறு. வார்யோவிதர் ஜெயித்துவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம். அவர் சொன்ன ஆறு கனம், லேசு, குளிர்ச்சி, சூடு, பசை, வறட்சி. விடை சரி, வழிமுறை தப்பு. மதிப்பெண் கிடையாது.

அதே அத்தியாயத்தில், எதை எதோடு சேர்த்துத் தின்னக் கூடாது என்ற பேச்சும் வருகிறது. மீனையும் பாலையும் சேர்க்காதே என்கிறார் ஆத்ரேயர். பத்ரகாப்யருக்கு மனசு கேட்கவில்லை. சிலிசிமா என்ற ஒரே ஒரு ஜாதி மீனைத் தவிர மற்ற எல்லா மீனையும் பாலோடு சாப்பிடலாமே என்று குறுக்கே விழுகிறார். சுவை ஒன்றுதான் என்று அடித்துச் சொன்ன மனிதர் அல்லவா, அவருக்கு அயிரையும் பால்கோவாவும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். கூடாது என்று ஆத்ரேயர் வெட்டிவிட்டார்.

மீனோடு நிறுத்தியிருந்தால் நாமும் கையைத் தட்டிவிட்டுப் போயிருப்போம். அடுத்து பழங்கள் மீது பாய்ந்தார். பாலோடு சேரக் கூடாதவை என்று ஒரு பட்டியல்: மா, பலா, வாழை, தேங்காய், மாதுளை, நெல்லி, நாவல், விளா, இலந்தை... முக்கனியில் ஒன்றுகூடத் தப்பவில்லை. இந்த மாதிரி விருத்தமான உணவைத் தின்றால் என்னென்ன வரும் என்பதற்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆண்மைக் குறைவு, குருடு, அக்கி, மகோதரம், கொப்புளம், பைத்தியம், பவுத்திரம், மயக்கம், வயிற்று உப்புசம் என்று வளர்ந்து, சந்தானத்தில் கோளாறு, கடைசியில் சாவு என்று முடிகிறது.

இந்தப் பட்டியலின் முதல் ஐட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். பிறகு ஒரு தமிழ்க் கல்யாண வீட்டைப் பாருங்கள். தாலி ஏறியதும் மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரவைத்து, வாழைப்பழத்தைப் பாலில் பிசைந்து சர்க்கரை தூவி, அத்தைகளும் சித்திகளும் வரிசையாக வந்து ஊட்டுவார்கள். பாலும் பழமும் கொடுப்பது என்று இதற்குப் பெயர். அது போதாதென்று அன்று இரவு அறைக்குள் ஒரு தட்டு நிறையப் பழமும் ஒரு சொம்புப் பாலும் கொண்டுபோய் வைப்பார்கள். ஆண்மை போய்விடும் என்று மருத்துவ நூல் பட்டியலின் தலையிலேயே எச்சரித்த அதே கூட்டணியை, அதுவும் அந்த இரவில், அந்த அறையில் வைத்த நம் முன்னோரின் துணிச்சலை என்னவென்று சொல்வது! அடுத்த பத்தாவது மாதம் வளைகாப்புக்கும் பிரசவத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த அந்த அத்தைகளிடம் யாராவது சரகரைக் காட்டியிருந்தால், அவருக்கும் ஒரு ஸ்பூன் ஊட்டியிருப்பார்கள்.

1961-இல் பீம்சிங் ஒரு படம் எடுத்தார். பெயரே 'பாலும் பழமும்'. சிவாஜி அதில் புற்றுநோய்க்கு மருந்து தேடும் டாக்டர். பாதிக் கதையில் அவருக்குக் கண் பார்வை போய்விடும். ஆய்வுக்கூட விபத்துதான் காரணம் என்று படம் சொல்கிறது. சரகர் பட்டியலில் இரண்டாவது இடத்தில் இருப்பது எது என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆத்ரேயரை ஒரேயடியாகக் கிண்டல் செய்துவிட்டுப் போவதும் நியாயமில்லை. அவரே பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறார். இளவயதுக்காரர்கள், நல்ல ஜீரண சக்தி உள்ளவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள், பழக்கப்பட்டவர்கள், கொஞ்சமாகச் சாப்பிடுபவர்கள் ஆகியோரை இந்த விருத்தம் ஒன்றும் செய்யாது என்கிறார். ஆக, தடை மிச்சமிருப்பது கிழவர்களுக்கும் பெருந்தீனிக்காரர்களுக்கும் மட்டுமே. மாப்பிள்ளைகள் பிழைத்தது இந்த விதிவிலக்கினால்தான்.

தவிர, புளிப்பானதைப் பாலோடு சேர்க்காதே என்று அவர் சொன்னது உண்மை. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம், அமிலத்தன்மை ஏறி பி.எச். 4.6 அளவுக்கு இறங்கினால் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து திரிந்துவிடும். பப்பாளியிலும் அன்னாசியிலும் இருக்கும் நொதிகளோ புரதத்தையே வெட்டிப் போட்டுப் பாலைக் கசக்க வைக்கும். ஆகவே, பாலும் பழமும் சேர்வது இயற்கைக்கே அவ்வளவாகப் பிடித்த சமாசாரம் இல்லை. இந்த ஜோடியைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று சரித்திரத்தில் யாரும் ஆசைப்பட்டு உழைத்ததாகவும் தெரியவில்லை. இனி வரப்போகிற ஆசாமிகள் ஒவ்வொருவரும் வேறு ஏதோ வேலையாகப் போனவர்கள். போகிற வழியில் இதையும் செய்துவிட்டுப் போனார்கள்.

வழியில் முதல் ஊர் பிரேசில். மாமரத்தை அங்கே கொண்டுபோய் நட்டவர்கள் போர்ச்சுகீசியர்கள். மரம் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் காய்த்துத் தள்ளியது. கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மாம்பழம் இலவசம், கீழே விழுந்ததைப் பொறுக்க வேண்டியதுதான். பால் அப்படி இல்லை, அது எஜமானின் தொழுவத்துச் சொத்து. எனவே மாம்பழமும் பாலும் சேர்த்து உண்டவன் செத்தான் என்று ஒரு செய்தி பரவியது. பரப்பியவர்கள் தோட்ட முதலாளிகள்தான் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். ஆவணம் கேட்டால் யாரிடமும் இருக்காது, ஆனால் தர்க்கம் கச்சிதம். பூட்டும் காவலாளியும் இல்லாமல் பால் பானையைக் காப்பாற்ற இதைவிட மலிவான வழி கிடையாது. சரகர் சொன்னதையே முதலாளியும் சொன்னார். ஒரே வித்தியாசம், சரகருக்குச் சொந்தமாக மாடு இருந்ததாகத் தகவல் இல்லை. 1888-இல் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது. மாம்பழம் தின்றுவிட்டுப் பால் டம்ளரைக் கண்டால் பதறும் பாட்டிகள் அதற்கப்புறமும் நெடுங்காலம் ஒழியவில்லை.

அடிமை முறை ஒழிந்த அதே காலத்தில் அமெரிக்காவில் மில்க் ஷேக் என்ற பெயரில் ஒரு பானம் புழக்கத்துக்கு வந்தது. குழந்தை குட்டிகளோடு போய்க் குடிக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். 1880-களின் மில்க் ஷேக்கில் பாலும் முட்டையும் விஸ்கியும் இருந்தன. உடம்புக்குத் தெம்பு என்று சொல்லி விற்றார்கள். விஸ்கியை யார் விற்றாலும் முதலில் சொல்வது அதுதானே. அடுத்த இருபது வருஷத்தில் விஸ்கி விலகி, சாக்லேட், ஸ்ட்ராபெர்ரி, வெனிலா சிரப்புகள் அந்த இடத்தைப் பிடித்தன. பழத்தின் பெயர் வந்துவிட்டது, பழம் வரவில்லை. ஏனென்றால் அன்றிருந்த யந்திரம் குலுக்க மட்டுமே தெரிந்த யந்திரம். ஒரு முழு வாழைப்பழத்தை உள்ளே போட்டுக் குலுக்கினால், கடைசியில் கிடைப்பது தலைசுற்றிய ஒரு முழு வாழைப்பழம்தான்.

நடுவில் ஹார்லிக் சகோதரர்கள் வந்தார்கள். ஜேம்ஸ் மருந்தாளுநர், தம்பி வில்லியம் அண்ணனுக்குத் துணை. இங்கிலாந்திலிருந்து போய் 1873-இல் சிகாகோவில் கடை போட்டு, பிறகு விஸ்கான்சின் மாநிலத்தில் ராசீன் என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் தயாரித்தது பச்சைக் குழந்தைகளுக்கும் படுத்த படுக்கையான நோயாளிகளுக்குமான மாவு. 1883-இல் காப்புரிமையும் வாங்கினார்கள். குழந்தைகள் குடித்தார்களோ இல்லையோ, தென்துருவம் தேடிப் போன தாடிக்காரர்கள் டப்பா டப்பாவாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அட்மிரல் பேர்டு தம் பயணத்துக்கு உதவிய வில்லியமுக்கு நன்றியாக அண்டார்க்டிகாவில் ஒரு மலைத்தொடருக்கே ஹார்லிக் என்று பெயர் வைத்துவிட்டார். பென்குயின்களுக்கு இதில் கருத்து இருந்திருந்தால் பதிவாகவில்லை. பிறகு 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. சாராயக் கடை வாசலில் நின்ற ஜனம் சோடாக் கடைக்கு நகர்ந்தது. 1922-இல் சிகாகோவின் வால்கிரீன்ஸ் மருந்துக்கடையில் பாப் கௌல்சன் என்பவர், மால்ட் மாவு கலந்த பாலில் இரண்டு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமைத் தள்ளினார். கடை வாசலில் வரிசை நின்றது. நோயாளி மாவுக்கு இப்படியாக ஆரோக்கியமான வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள்.

அதே 1922, அதே ராசீன். போலந்திலிருந்து வந்த ஸ்டீஃபன் பாப்லாவ்ஸ்கி என்பவர், சோடாக் கடைகளில் ஹார்லிக்ஸ் கலக்கும் வேலையைச் சுலபமாக்க ஒரு யந்திரம் செய்துகொண்டிருந்தார். கலக்கும் குச்சி மேலே இருந்துதானே தொங்க வேண்டும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, சுழலும் பிளேடை ஜாரின் அடியில் பொருத்தினார் இந்த மனிதர். உலகத்துச் சட்னி, மில்க் ஷேக், மிளகாய்ப்பொடி எல்லாவற்றுக்கும் ஆதிமூலம் அந்த அடிப் பிளேடுதான். அவருக்கு அன்றைக்கு மாவு கட்டி தட்டாமல் இருந்தால் போதும்.

ராசீன் தண்ணீரில் என்ன இருந்ததோ, அங்கே ஃபிரெட் ஓசியஸ் என்று இன்னொருவரும் இருந்தார். 1910-இல் ஹாமில்டன், பீச் என்ற இரண்டு வேலைக்காரர்களோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். தம் பெயர் தமக்கே பிடிக்காததால் அந்த இரண்டு பேருக்கும் தலா ஆயிரம் டாலர் கொடுத்து அவர்கள் பெயரை வாங்கிக் கம்பெனிக்கு வைத்தார் என்று ஒரு கதை. நம்மூரில் பணம் கொடுத்துத் தன் பெயரைப் போடச் சொல்வார்களே தவிர, எடுக்கச் சொன்னவரைப் பார்த்ததில்லை.

பிற்பாடு இந்த ஓசியஸ் பாப்லாவ்ஸ்கியின் யோசனையைத் தம் பங்குக்கு மெருகேற்றிக்கொண்டு, முதல் போடும் ஆளைத் தேடினார். இன்ஜினியரிடம் போகவில்லை, வங்கிக்குப் போகவில்லை. 1936-இல் நியூயார்க்கில் வாண்டர்பில்ட் தியேட்டரில் வானொலிக் கச்சேரி முடித்துவிட்டு வந்த பேண்டு வாத்தியக் குழுத் தலைவர் ஃபிரெட் வாரிங்கின் ஒப்பனை அறைக்குள் நுழைந்தார். கண்ணைப் பறிக்கும் கோடு போட்ட கால்சட்டை, கையில் யந்திரம். சுவிட்சைப் போட்டார். ஓடவில்லை. ஓடாத யந்திரத்தைப் பார்த்து அசந்துபோய் 25,000 டாலர் கொடுத்தார் வாரிங். கலைஞர்களிடம் கடன் கேட்கப் போகிறவர்கள் இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளலாம். பணம் கரைந்ததே தவிர மோட்டார் திருந்தவில்லை. நல்லவேளையாக வாரிங் காலேஜில் கட்டடக்கலையும் இன்ஜினியரிங்கும் படித்தவர். வேறு ஆட்களைப் போட்டுச் சரிசெய்து, 1937-இல் சிகாகோ உணவக் கண்காட்சியில் 29 டாலர் 75 சென்டுக்கு விற்பனைக்கு வைத்தார். கச்சேரிக்குப் போகும் ஊரெல்லாம் இதையும் தூக்கிக்கொண்டு போய் மதுக்கடைக்காரர்களுக்கு ரம்மும் ஐஸும் அரைத்துக் காட்டுவது அவர் வழக்கம்.

இந்த மதுக்கடை யந்திரத்தை விஞ்ஞானிகளும் விடவில்லை. 1952-இல் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும், பாக்டீரியா மேல் ஒட்டிக்கொண்ட வைரஸ் தோல்களை உதிர்க்க ஒரு வாரிங் பிளெண்டரில் போட்டு அடித்தார்கள். தோல் தனியே வந்தது. பரம்பரைச் சரக்கு புரதத்தில் இல்லை, டி.என்.ஏ.வில் இருக்கிறது என்பதற்குச் சாட்சியும் வந்தது. 1969-இல் ஹெர்ஷிக்கு நோபல் பரிசு கிடைத்தது. சேஸுக்கும் பிளெண்டருக்கும் கிடைக்கவில்லை. பிளெண்டர் வருத்தப்படவில்லை.

பிரேசிலுக்குத் திரும்பினால், 1944-இல் வால்டெமார் கிளெமென்டேயின் வாலிட்டா கம்பெனி உள்ளூரிலேயே பிளெண்டர் செய்ய ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு பாலில் வாழைப்பழம், அவகாடோ, பப்பாளி என்று அரைத்து அதற்கு விட்டமினா என்று பெயரும் வைத்துக் காலைப் பலகாரமாக்கிக்கொண்டார்கள். மருந்தின் பெயரை வைத்தால் பாட்டி தடுக்க மாட்டாள் அல்லவா.

இந்தியாவில் கதை ஒரு சமையலறைச் சண்டையில் ஆரம்பிக்கிறது. பம்பாயில் சீமென்ஸ் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் மனைவி மாதுரி வைத்திருந்த ஜெர்மன் பிரவுன் மிக்ஸர் புகைந்து நின்றது. பழுது பார்க்க இந்தியாவில் ஆள் இல்லை. ஐரோப்பாவில் அது ஸ்ட்ராபெர்ரியோடு சௌகரியமாகக் குடித்தனம் நடத்திய ஜீவன். இங்கே ஊறவைத்த உளுந்தையும் விரலி மஞ்சளையும் காட்டியிருக்கிறார்கள். பாவம், எவ்வளவுதான் தாங்கும். நீங்கள் இன்ஜினியர்தானே, நீங்களே ஒன்று செய்யுங்களேன் என்ற தொனியில் வீட்டில் பேச்சு எழுந்தது. நோபல் குழுவைவிடக் கறாரான நடுவரின் முன் நின்ற மாத்தூர், 1963-இல் கம்பெனி ஆரம்பித்து, கொப்பரையையும் மஞ்சளையும் கடித்துத் துப்பும் மோட்டாரோடு சுமீத் மிக்ஸியைக் கொண்டுவந்தார். நோக்கம் மசாலா. ஆனால் மஞ்சளைப் பொடித்த மோட்டாருக்கு மலைவாழைப் பழம் எம்மாத்திரம்? அடிப் பிளேடு தமிழ்நாட்டுக்குள் வந்தது இப்படி. 2011-இல் ஜெயலலிதா அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்ததும், சரகர் சொன்ன தடையை மீறுவதற்கான யந்திரத்தை அரசாங்கமே ரேஷன் அட்டைக்கு வழங்கிய மாநிலம் என்ற பெருமையும் நமக்குச் சேர்ந்தது.

குளிர்ச்சி அதற்கு வெகு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டூடர் தம் ஊர் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் பயணம் போகும் கப்பலில் ஏற்றி விற்றார். அதைச் சேமிக்கத்தான் 1842-இல் மெட்ராஸ் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. எழுத்தாளர் தோரோ தம் 'வால்டன்' நூலில், தம் குளத்து நீரை மெட்ராஸ்காரர்களும் குடிக்கிறார்கள் என்று பரவசப்படுகிறார். இங்கே அதைத் துரைமார்கள் விஸ்கியில் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்ற தகவல் அவர் தவத்தைக் கலைத்திருக்கும். செயற்கை ஐஸ் வந்து வியாபாரம் படுத்ததும் கட்டடம் கைமாறியது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். பனிக்கட்டிக்குப் பிறகு அவ்வளவு கதகதப்பான விருந்தாளி அந்தச் சுவர்களுக்குப் புதுசு.

ஆக மோட்டார் வந்தாயிற்று, ஐஸ் வந்தாயிற்று. மூலைக்கு மூலை ஜூஸ் கடை முளைத்தது. தமிழ்நாட்டு ஜூஸ் கடையில் ஆப்பிள் ஜூஸ் என்று கேட்டால் ஆப்பிளும் பாலும் சர்க்கரையும் ஐஸும் சேர்ந்து அரைபட்டு வரும். வெளியூர்க்காரர் அது ஜூஸ் இல்லையே, மில்க் ஷேக் ஆயிற்றே என்று வாதாடுவார். வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. சாத்துக்குடி கேட்டால் மட்டும் பால் விழாது. கடைத்தம்பிக்குக் கேசீனும் தெரியாது, 4.6-உம் தெரியாது. ஆத்ரேயர் சொன்னது அவனுக்குக் கைப்பழக்கம்.

அங்கேயே விலைப்பலகையில் இருக்கும் சப்போட்டா மெக்சிகோ பக்கத்து ஆசாமி. அந்த மரத்துப் பாலை நியூயார்க்குக்குத் தூக்கிக்கொண்டு போனவர், டெக்ஸாஸைத் தோற்ற மெக்சிகோ ஜெனரல் சாண்டா அன்னா. ரப்பருக்குப் பதிலாக விற்று, அந்தப் பணத்தில் மறுபடி ஆட்சியைப் பிடிப்பது திட்டம். தாமஸ் ஆடம்ஸ் என்பவர் அதை டயராக்கப் பார்த்து முடியாமல் சூயிங் கம் ஆக்கினார். ஜெனரலுக்கு ஆட்சி கிடைக்கவில்லை. உலகத்துக்கு மெல்ல ஏதோ கிடைத்தது. மரத்தின் பால் அவர்களுக்கு, பழமும் மாட்டுப் பாலும் நமக்கு.

கடைசியில் ஷார்ஜா ஷேக். கல்லாய் உறைந்த பாக்கெட் பாலை உடைத்துப் போட்டு, ஞாலிப்பூவன் பழம், சர்க்கரை, ஹார்லிக்ஸோ பூஸ்டோ ஒரு கை, மேலே வறுத்த கடலையோ முந்திரியோ. கோழிக்கோட்டுக்காரர்கள் எங்கள் ஊர்ச் சரக்கு என்பார்கள். அந்த ஊருக்குள்ளேயே முதலில் போட்டது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கடையைக் காட்டுவார்கள். ராசீனில் குழந்தைக்குக் கிண்டிய மாவும், அந்த மாவைக் கலக்கச் செய்த பிளேடும், ஊரே மாறி, மொழியே மாறி, அதே ஜாரில் சந்தித்துக்கொண்டது இங்கேதான். சரகர் தடுத்த வாழைப்பழம் நடுவில். பெயருக்குக் காரணம் வளைகுடாவில் வேலை பார்த்தவர் என்பார் ஒருவர், கிரிக்கெட் என்பார் இன்னொருவர். ஷார்ஜாவில் வாழை விளைந்ததா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இப்போது ஷார்ஜாவிலேயே மலையாளிகளின் கஃபேட்டீரியாக்களில் ஷார்ஜா ஷேக் கிடைக்கிறது. அங்கே அதை அவர்கள் கேரளத்துப் பானம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.